வலது பக்க ஸ்பீக்கர்

காரில் வலது பக்கம் சத்தமே வரவில்லை என்று இன்று தில்லைநகர்க் கடையொன்றில் ஸ்டீரியோ, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் மாற்றினேன். பேரம் பேசித்தான்.

கடைக்காரர் பாட்டுப் போட்டார். வலது பக்கம் அப்போதும் ஊமை.

"என்ன தம்பி, புதுசும் இப்படித்தானா?"

அவர் என் சீட்டில் உட்கார்ந்து கேட்டார்.

"நல்லா பாடுதுங்களே. அண்ணே, இடது காதைப் பொத்திக்கிட்டுக் கேளுங்க."

பொத்தினேன். பாட்டு நின்றுபோனது. அவர் தலை குனிந்துகொண்டார்.

காந்தி மார்க்கெட் வாழைத்தார் ஏலத்தில் முப்பது வருடமாக என் வலது காதருகேதான் விலையைக் கத்துகிறார்கள். அதைச் சரியாகக் காதில் வாங்கித்தான் முன்னுக்கு வந்தேன். நாளை எந்தப் பக்கம் நிற்பதென்று தெரியவில்லை.

நல்ல காது டாக்டர் தெரிந்தவர்கள் கமெண்டில் எழுதுங்கள். போன் பண்ண வேண்டாம்.