ஹோட்டல் பங்கும் முழங்காலும்

எங்கள் வீட்டில் சனிக்கிழமைக் காலை என்றால் பங்குச் சண்டை. காணிப் பங்கோ சீதனப் பங்கோ இல்லை; கொழும்புப் பங்குச் சந்தையில் எங்கள் இரண்டு பேரின் பெயரிலும் கிடக்கிற பங்குகள். தேத்தண்ணி ஆற முன்னமே தொடங்கிவிடும். கீழ்வீட்டுக்காரர் ஒருமுறை வந்து "டீச்சர், ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்டுவிட்டுப் போனார். பிரச்சினைதான், ஒரு வங்கிப் பங்கை வைத்திருப்பதா விற்பதா என்று.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவள். என் கணவர் துறைமுகத்தில் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த மனிதரை வெள்ளவத்தைக்கு இழுத்து வந்தது நான்தான். அந்தக் குற்றச்சாட்டு இன்னும் என்மேல் இருக்கிறது. கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், லிப்ட் இல்லாத பழைய கட்டடத்தில் மூன்றாம் மாடி எங்களுடையது.

சண்டைக்கு ஒரு விதி உண்டு. அவர் ஒவ்வொரு கம்பனியாக வாசிப்பார். வாங்குவதா, வைத்திருப்பதா, வெட்டுவதா என்று இரண்டு பேரும் சொல்லவேண்டும். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் புரோக்கருக்குப் போன் எடுக்கலாம். அவர் வருடாந்த அறிக்கையை அட்டையிலிருந்து அட்டை வரை வாசிக்கிற ஆள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. நான் கடைகள் நிறைந்த காலி வீதியில் நடந்து பார்த்துவிட்டு வந்து சொல்லுவேன். பிஸ்கட் கம்பனியின் புதுக் கிரீம் பிஸ்கட் பல்லில் அப்பிக்கொண்டதும் "வெட்டுங்கோ" என்றேன், அது சரியாகப் போனது. ஒழுங்கைக்கு ஒழுங்கை மாடி கட்டுகிறார்களே என்று சீமெந்துக் கம்பனியை வாங்கச் சொன்னேன், அது படுத்துவிட்டது. "உம்மட சீமெந்து இறுகிட்டுதோ?" என்று இன்றைக்கும் கேட்பார். கேட்டுவிட்டுத் தானே சிரிப்பார்.

எல்லாவற்றிலும் இப்படி ஏறி இறங்கினாலும் ஒன்றில் மட்டும் மனிதர் அசையமாட்டார். அது ஒரு ஹோட்டல் கம்பனியின் பங்கு. யாரோ நண்பரின் மகளின் கல்யாணத்துக்கு அந்த ஹோட்டலுக்குப் போய், வட்டிலப்பத்தை மூன்று தரம் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு வந்து, அடுத்த கிழமையே வாங்கினார். அதற்குப் பிறகு நாட்டுக்கு வராத கஷ்டமெல்லாம் வந்தது. வெள்ளைக்காரர் ஒருவரையும் காணவில்லை, ஹோட்டலில் காகம் கத்தியது, பங்கு நிலத்தோடு நிலமாகக் கிடந்தது. நாங்கள் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற நாட்களிலும் அவர் அதை விற்கவில்லை. "வைப்பம்" என்பார். அவ்வளவுதான் பேச்சு.

பிறகு காலம் மாறியது. முதுகில் பையும் காலில் ரப்பர்ச் செருப்புமாக உல்லாசப் பயணிகள் எங்கள் ஒழுங்கைக்குள்ளேயே கொத்துரொட்டிக் கடை தேடி வரத் தொடங்கினார்கள். பங்கு எழும்பி இருந்தது, நின்றது, நடந்தது. நடக்க முடியாமல் போனது என் மனிதருக்குத்தான்.

வலது முழங்கால். படி ஏறினால் முகம் சுருங்கும், இறங்கினால் இன்னும் மோசம். கொஞ்சம் கொஞ்சமாக அவர் கீழே போவதே நின்றுவிட்டது. பேக்கரிச் சாமான் விற்கிற சூன் பாண் ஓட்டோ பாட்டோடு வந்தால் பல்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கி மீன் வைத்த மாலுபாண் வாங்குவார். செவ்வாய்க்கிழமைகளில் கொட்டாஞ்சேனை அந்தோனியார் கோயிலுக்குப் போய்ப் பழைய சிநேகிதர்களோடு கதைத்துவிட்டு வருகிறவர், அதையும் விட்டார். பின்னேரத்தில் நாங்கள் கடலோரம் நடப்பது உண்டு. முதலில் தூரம் குறைந்தது, பிறகு நானும் பல்கனியில் இருந்தே கடலைப் பார்க்கப் பழகினேன். எனக்கு அது பிடிக்கவேயில்லை. டொக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: மூட்டை மாற்றவேண்டும், தள்ளிப்போட்டால் நடையே போய்விடும்.

அந்தச் சனிக்கிழமை நான் தேத்தண்ணியைக்கூட ஊற்றாமல் தொடங்கினேன்.

"ஹோட்டலைப் பாதி வெட்டுங்கோ. அந்தக் காசில முழங்காலைச் செய்வம்."

"கொஞ்சம் பொறும். இன்னும் ஏறும்."

"அது ஏறும். நீங்கள் ஏறுவியளோ, இந்தப் படி?"

அவர் அறிக்கையைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். ஒரு மாதம் இதே கதை. சொந்த முழங்காலை விட ஹோட்டலின் மேல் ஒருவருக்கு இவ்வளவு ஆசை இருக்குமா என்று எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. கடைசியில் "நீங்கள் காலைச் செய்யாட்டி நான் இனிச் சனிக்கிழமை மேசைக்கு வரமாட்டன்" என்றேன். மனிதர் பயந்துபோனார். என்னோடு சண்டை இல்லாத சனிக்கிழமையை அவரால் நினைத்துப் பார்க்க முடியாது.

திங்கட்கிழமை காலை என் கண் முன்னாலேயே போனை எடுத்தார். எங்கள் புரோக்கர் கந்தோரில் எங்களைப் பார்த்துக்கொள்கிறவள் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை. அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இப்போது கொட்டாஞ்சேனையில் இருக்கிறவள்.

"பிள்ளை, அந்த ஹோட்டல் இருக்கல்லோ? ஓம், அதுதான். அதை விட்டிடுங்கோ."

அந்த நேரம் பார்த்துக் கீழே தெஹிவளைப் பக்கம் போகிற ரயில் வந்தது. ரயில் வந்தால் எங்கள் வீட்டில் பக்கத்தில் நிற்கிறவர் கதைப்பதே கேளாது. அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு "ஓம், ஓம்… ஓம் பிள்ளை, முழுக்க" என்றார். வைத்துவிட்டு என்னைப் பார்த்து "சரி, சொல்லியாச்சு" என்றார்.

முழுக்க என்றாரே. பாதிதான் நான் கேட்டது. மனிதர் மனம் மாறி அவ்வளவையும் விற்றுவிட்டாரே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. உடனே பையை எடுத்துக்கொண்டு சந்தைக்கு இறங்கிப் பெரிய இறால் வாங்கிவந்து குழம்பு வைத்தேன். அவரும் விசிலடித்துக்கொண்டு சாப்பிட்டார். அடுத்த நாளும் வீடு கல்யாண வீடாகத்தான் இருந்தது. இரண்டு பேரும் சந்தோஷமாக இருந்தோம். இரண்டு பேருக்கும் காரணம் ஒன்றுதான் என்று நான் நினைத்திருந்தேன்.

புதன்கிழமை கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்தவர் திடீரென்று எழும்பினார். புரோக்கர் கந்தோரிலிருந்து விற்பனைச் சீட்டு ஈமெயிலில் வந்திருந்தது. முகம் செத்துப்போயிருந்தது. "என்னப்பா?" என்று கேட்டேன். "ஒண்டுமில்லை" என்று சொல்லிவிட்டுப் போனோடு பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினார். சாத்தினால் என்ன, பக்கத்து அறை யன்னலடியில்தான் நான் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். அவசரத்தில் விரல் பட்டு ஸ்பீக்கர் வேறு போட்டுவிட்டார்.

"பிள்ளை, நான் விக்கச் சொல்லேல்லையே."

"ஐயோ அங்கிள், நீங்கதானே விட்டுருங்கன்னு சொன்னீங்க. ரெக்கோர்ட் இருக்கு, போடவா?"

போட்டாள். ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும். முதலில் இவருடைய குரல்: அதை விட்டிடுங்கோ. அவள்: "விட்டுறவா அங்கிள்? முழுசுமா?" இவர்: ஓம், ஓம். அவள்: "இப்ப போற விலைக்கேவா?" ரயில் சத்தம். ரயிலுக்குள்ளிருந்து இவர்: ஓம் பிள்ளை, முழுக்க.

எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. 'விட்டிடுங்கோ' என்றால் கையை விட்டுவிடு என்றும் எடுக்கலாம், தொடாமல் அப்படியே இருக்க விடு என்றும் எடுக்கலாம். மனிதர் வேண்டுமென்றே அந்தச் சொல்லைத் தேடி எடுத்திருக்கிறார். அவர் விற்கச் சொன்னதாக நான் நினைக்கவேண்டும், பிள்ளை தொடாமல் வைத்திருக்கவேண்டும். அந்தப் பிள்ளையோ கட்டி நின்ற ஆட்டை அவிழ்த்து விடுவது போல அவ்வளவையும் விட்டுவிட்டாள். மனிதருக்கு என்னிடம் முறையிடவும் வழியில்லை, முறையிட்டால் கள்ளம் வெளிவந்துவிடும்.

நான் மடித்த உடுப்பிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தேன். அடக்க முடியவில்லை. கதவைத் திறந்து வந்தவர் என்னைக் கண்டதும் எல்லாம் விளங்கி, கதிரையில் தொப்பென்று இருந்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு "என்ன கெட்டித்தனம் உங்களுக்கு. துறைமுகத்திலையும் இப்பிடித்தான் வேலை பாத்தனீங்களோ?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டு இருந்தார்.

"பங்கு இல்லை," என்றார். "பங்கு போனாப் போகட்டும். எனக்குப் பயம்."

"என்ன பயம்?"

"மயக்கினா எழும்புவனோ எண்டு. அது விக்காமக் கிடக்கிற வரைக்கும் ஒப்பரேசனுக்குப் போகத் தேவையில்லைத்தானே."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு மாதமாக நான் ஹோட்டலோடு சண்டை பிடித்திருக்கிறேன். போய்ப் பக்கத்தில் இருந்தேன். "எனக்கும் பயம்தான்" என்றேன். அது உண்மை. அதற்குப் பிறகு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கனநேரம் இருந்தார். பாணுக்குக் கூடை இறக்கவும் மறந்துபோனோம்.

ஒப்பரேசனுக்கு உள்ளே கொண்டுபோகிற நேரம் என்னைக் கூப்பிட்டு, "சீமெந்தை மட்டும் வாங்கிப் போடாதையும்" என்றார். தள்ளுவண்டி பிடித்த நேர்ஸ் பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் வெளியே இருந்து தெரிந்த தேவாரமெல்லாம் சொன்னேன், அவருடைய அந்தோனியாரையும் விடவில்லை. மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தவர் முதலில் கேட்டது தண்ணீர். இரண்டாவது, சந்தை எப்படி.

பயிற்சி கொடுக்க வந்த பிள்ளை நல்ல கண்டிப்பு. வோக்கரைப் பிடித்து நடந்தார், பிறகு பொல்லோடு, பிறகு பொல்லை மறந்துவிட்டுக் குசினிக்கு வந்து பொரித்த வாழைக்காயைக் களவெடுத்தார். அவர் முதன்முதலில் மூன்று மாடியும் இறங்கிய அன்று கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கைதட்டினார். கொட்டாஞ்சேனைக்கு நான் துணைக்கு வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸிலேயே போய்விட்டு வந்தார்.

இதற்கிடையில் அந்த ஹோட்டல் பங்கு நாங்கள் விற்ற விலையையும் தாண்டி ஏறிவிட்டது. நான் கண்டும் வாய் திறக்கவில்லை. நோயாளி மனம் கெடும் என்று நினைத்தேன். ஒரு பின்னேரம் கடலோர வீதியில் நடந்துகொண்டிருக்கும்போது அவரே தொடங்கினார்.

"ஹோட்டல் ஏறிட்டுது, கண்டனீரோ?"

"கண்டனான். உங்களுக்குச் சொல்லேல்லை."

"நானும் உமக்குச் சொல்லேல்லை."

"கவலையோ?"

"சனிக்கிழமை கேளும். மேசையில கவலைப்படுவம்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தார். கடற்காற்றில் சட்டை உப்பியிருந்தது. நான் எவ்வளவோ காலமாக அவருக்காக நடையைக் குறைத்துக் குறைத்து, வேகமாக நடப்பதையே மறந்துபோயிருந்தேன். எனக்கு இளைத்தது. அவர் திரும்பிப் பார்த்து நின்றார்.

"இளைக்குது போல. மெதுவாப் போவமோ?"

"வேண்டாம்," என்றேன். "எனக்காக நிக்காதேங்கோ. நடவுங்கோ, நான் பின்னால நிண்டு பாக்கப் போறன்."