மூன்று நாள் பர்ன்-இன்

என் கணவருக்குப் புதிய பொருள் எதன் மேலும் நம்பிக்கை கிடையாது. சுங்கை வேயில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் அவருக்கு வேலை. செய்து முடித்த சாமானை மூன்று நாள் நிற்காமல் ஓடவிட்டு, உயிரோடு இருந்தால்தான் பெட்டியில் போடுவார்களாம். அதற்கு ‘பர்ன்-இன்’ என்று பெயர். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. புது மின்விசிறி மூன்று நாள் ஆளில்லாத அறையில் சுற்றியது. என்னைப் பெண் பார்க்கவும் மனிதர் மூன்று முறை வந்தார். நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில், கிள்ளானில் எங்கள் வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஒன்றில் நான் தட்டெழுதுவேன்; அதில் எதையும் சேமித்து வைக்க முடியாது. மற்றொன்று சமையலறைக்குப் பக்கத்தில் எந்நேரமும் ஓடும். நான் எழுதுவதெல்லாம் கம்பி வழியாக அதில் போய்ச் சேரும். ‘சர்வர்’ என்று பெருமையாகச் சொல்வார். அதற்குத் தனியாக ஒரு ஃபேன் வேறு. பக்கத்தில் நின்று சமைக்கிற எனக்கு இல்லை.

அதில் என் எட்டு மாத உழைப்பு இருந்தது. காப்பாரில் ஒரு தமிழ்ப்பள்ளியில் நான் ஆசிரியை. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்காக ஒரு பயிற்சி நூல் எழுதியிருந்தேன். பள்ளி விடுமுறை முடிவதற்குள் அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். ஃப்ளாப்பியில் ஒரு பிரதி வைக்கிறேன் என்றதற்கு, இந்த ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிடும் என்று தடுத்துவிட்டார்.

அந்த விடுமுறையில்தான் சர்வரின் ஹார்ட் டிஸ்க் ‘டக் டக்’ என்று சத்தம் போட ஆரம்பித்தது. அவர் கோலாலம்பூர் போய்ப் புதிது ஒன்று வாங்கி வந்தார். மறுநாள் வெள்ளிக்கிழமை.

“என்னங்க, மொதல்ல என் புக்க இதுல காப்பி பண்ணிடுங்க. டெஸ்டெல்லாம் அப்புறம் லா.”

அதிசயமாக ஒத்துக்கொண்டார். “சரி, இப்பவே போடறேன்.”

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தே முக்கால். “இப்ப ராகு காலம். பன்னெண்டு மணிக்கு மேல போடுங்க.”

“அதுவரைக்கும் இது சும்மா இருக்கணுமா?” என்றவர் சோதனையைத் தொடங்கிவிட்டார். டிஸ்க் முழுவதும் எதையாவது எழுதி, அதையே திரும்பப் படித்து, அழித்து, மறுபடியும் எழுதுகிற சோதனை. அது முடியும்வரை உள்ளே வேறு எதையும் வைக்க முடியாது. பன்னிரண்டு மணிக்கு நான் போய் நின்றேன்.

“பாதியில நிறுத்துனா அது டெஸ்டே இல்ல. மூணு நாள்தான், சபார் லா.”

பொறுமையாக இரு என்பதை மலாயில் சொன்னால் பெண்டாட்டிக்குக் கோபம் வராது என்று யார் இவருக்குச் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பழைய டிஸ்க்கின் சத்தம் நின்றது. சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். செத்துப்போயிருந்தது. அவர் என்னென்னவோ செய்து பார்த்தார், உயிர் வரவில்லை. திங்கட்கிழமை புது டிஸ்க்கின் சோதனை முடிந்தது. ஒரு பிழைகூட இல்லை. அதில் போடத்தான் எங்களிடம் ஒன்றும் இல்லை.

அழுதேன். பிறகு இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. பள்ளி ஆசிரியைகள் எல்லோருக்கும் ஃபோன் போட்டு இந்தக் கதையைச் சொன்னேன், ராகு காலத்தை மட்டும் விட்டுவிட்டு. அவர் ஒரு நாளும் அதை எடுத்துச் சொல்லிக்காட்டவில்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

பென்சிலில் எழுதிய நோட்டுகள் என்னிடம் இருந்தன. அவர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, பாதியைத் தானே தட்டெழுதுகிறேன் என்று உட்கார்ந்தார். இங்கிலீஷ் பள்ளியில் படித்தவர்; தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். ஒவ்வொரு பக்கத்தையும் நான் சோதித்து, சிவப்பு மையில் ‘ஃபெயில்’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன். மனிதர் முணுமுணுக்காமல் மறுபடி தட்டினார். ஒரு பக்கத்தில், ‘சுவரில் இருந்த பள்ளி பூச்சியைத் தின்றது’ என்றிருந்தது. அந்த வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தேன். அதை மட்டும் அழிக்க மனம் வரவில்லை. ‘பிழையைத் திருத்துக’ பகுதியில் ஒரு கேள்வியாக வைத்துவிட்டேன்.

நூல் அச்சாகி வந்ததும் அந்தப் பக்கத்தைப் பிரித்து அவரிடம் நீட்டினேன். விரல் வைத்து மெதுவாகப் படித்தார். மறுபடியும் படித்தார்.

“சரியாத்தானே இருக்கு,” என்றார்.