கடைசி நாற்காலிகளுக்குப் பின்னால் அக்கா

என் கையெழுத்து மோசமானது. ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. எங்கே பெரிய 'ற' வரும், எங்கே சின்ன 'ர' வரும் என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான். எங்கள் மாப்பிள்ளை, அதாவது அக்காவின் மருமகன், அச்சுக்குக் கொடுக்கும் முன் திருத்திவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். அதையும் தாண்டிப் பிழை இருந்தால் உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். அக்காவின் பதினாறாம் நாள் காரியத்துக்கே ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். அப்போது ஒரு வரிகூட வரவில்லை. இப்போது முதலாம் ஆண்டு நினைவு நாளே வந்துவிட்டது.

அக்கா பிறந்தது வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில். அப்பா, அம்மா இருவரும் கூலி வேலை செய்தவர்கள். பிள்ளைகள் நாங்கள் இருவர்தான். அம்மா இறந்தபோது எனக்கு விவரம் தெரியாத வயது. அக்காவுக்கு விவரம் தெரிந்திருந்ததால் வீடு அவர் தலையில் விழுந்தது. பள்ளிக்கூடத்தை அத்தோடு விட்டார். களையெடுக்கப் போகும்போது என்னையும் கூட்டிப்போய் வரப்பில் உட்கார வைத்திருப்பாராம். நான் அழவும் மாட்டேன், கூப்பிடவும் மாட்டேன் என்பதால் ஒருநாள் என்னை மறந்து பாதி தூரம் வீட்டுக்கு வந்துவிட்டதாக அக்கா சொல்லிச் சிரிப்பார். நான் சிறுவயதிலிருந்தே அப்படித்தான்.

அக்காவைக் கட்டிய மச்சான் லாரி ஓட்டினார். நல்ல மனிதர். மதுரைக்குக் குடிவந்த பிறகு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் எனக்கு மூட்டை தூக்கும் வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். மகள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது மச்சான் காய்ச்சலில் இறந்துபோனார். அக்கா பசுமலையில் ஒரு மாணவர் விடுதியில் சமையல் வேலைக்குச் சேர்ந்தார். அந்தச் சம்பளத்தில்தான் மகளைக் கல்லூரி வரைக்கும் படிக்க வைத்தார். எனக்குத் திருமணம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் அக்கா வீட்டில் சாப்பிடுவேன். அக்காவும் அதிகம் பேச மாட்டார், நானும் பேச மாட்டேன். டிவி பேசிக்கொண்டிருக்கும். சாப்பிட்டு முடித்ததும் "வாரேங்க்கா" என்பேன். "ம்" என்பார். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

மச்சான் போன பிறகு அக்கா எந்த விசேஷத்திலும் படத்துக்கு நின்றதில்லை. எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்துகிறார்கள் என்றால் பந்தியைப் பார்க்கப் போகிறேன் என்று நழுவிவிடுவார். கட்டாயப்படுத்தியவர்களும் இல்லை.

மகளின் திருமணம் வாடிப்பட்டி மண்டபத்தில் நடந்தது. அக்கா மகள் எனக்கு மருமகள் முறை. முதல் மாதச் சம்பளத்தில் எனக்கு ஒரு நல்ல கைப்பேசி வாங்கிக் கொடுத்திருந்த அவள், திருமணத்துக்கு முந்தின வாரம் என்னிடம் வந்தாள்.

"மாமா, கேமராக்காரங்க எல்லாரையும் வரிசையா நிக்க வச்சுச் சிரிங்கன்னு சொல்லுவாங்க. நீங்க யாருக்கும் தெரியாம, அவுக அவுக பாட்டுக்கு இருக்கும்போது எடுங்க."

"எனக்கு என்னாத்தா தெரியும்? வெரல் வந்து மறைக்குது."

"பரவாயில்ல. நீங்க நிக்கிறதே ஒருத்தருக்கும் தெரியாது மாமா. அதான் உங்ககிட்ட சொல்றேன்."

கேலியாகத்தான் சொன்னாள். ஆனாலும் எனக்கு ஒரு வேலை கிடைத்ததில் சந்தோஷம். கூட்டத்தில் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பவனுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்று கிடைத்தது.

அதே வாரம் தாய்க்கும் மகளுக்கும் ஒரு வாக்குவாதம் நடந்தது. "தாலி கட்டயில நீ மேடையில எம் பக்கத்துல நிக்கணும்" என்றாள் மகள். "சித்தப்பாவும் சித்தியும் நின்னு தாரை வாக்கட்டும். நான் வந்தா நல்லா இருக்காது" என்றார் அக்கா. "யாரு என்ன சொல்லிருவா?" என்று மகள் அழுதாள். அக்கா பாத்திரம் விளக்கப் போய்விட்டார்.

திருமணத்தன்று அக்கா மண்டபத்தின் பின்பக்கம் உள்ள சாமான் அறைக்குள் போனவர்தான். தேங்காய், வெற்றிலை பாக்கு போட்டுத் தாம்பூலப் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தார். தாய்மாமன் என்ற முறையில் நான் மருமகளுக்கு மாலை போட்டு மேடைக்குக் கூட்டிவந்தேன். உடனே கீழே இறங்கிப் படம் எடுக்க ஆரம்பித்தேன்.

தெரியாமல் எடுப்பது சுலபமாக இல்லை. கைப்பேசியை உயர்த்தியதும் பாதிப் பேர் ரேஷன் கார்டுப் படத்துக்கு நிற்பதுபோல் விறைத்துக்கொண்டார்கள். பந்தியில் ஒரு பெரியவரை எடுத்தேன். "ஏ மாப்ள, சொல்லிட்டு எடுக்க மாட்டியா? வாயில அப்பளம் இருக்குல்ல!" என்று சத்தம் போட்டார். மேடைப் பக்கம் போனால் கேமராக்காரத் தம்பி, "அண்ணே, பிரேமுக்குள்ள வாரீங்க, தள்ளுங்கண்ணே" என்றார். தள்ளித் தள்ளித் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன்.

ஐந்தாறு படம் எடுத்ததும் சாமான் அறைக்கு ஓடுவேன். அக்கா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கைப்பேசியை வாங்கிப் பார்ப்பார்.

"ஏண்டா, பொண்ணக் காட்டுன்னா அப்பளம் திங்கிற ஆளக் காட்டுற?"

"அடுத்ததுல இருக்காக்கா."

"இந்தா, பூ சரிஞ்சிருக்கு பாரு. அவ சித்திகிட்டச் சொல்லு, ஊசி குத்தச் சொல்லு. மூஞ்சி ஏன் இம்புட்டு வாடிருக்கு? சாப்பிட்டாளா?"

நான் போய்ச் சொல்லிவிட்டு, சரிசெய்த பூவையும் எடுத்துவந்து காட்டினேன். இப்படித்தான் மகளின் திருமணம் அக்காவுக்கு வந்துகொண்டிருந்தது. "தாலி கட்டுறத மட்டும் விட்டுறாதடா" என்று கடைசியாகச் சொல்லி அனுப்பினார்.

தாலி கட்டும் நேரத்தில் மேடைக்கு முன்னால் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். எனக்கு முதுகுகள்தான் தெரிந்தன. கைப்பேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்தேன், முழங்கைகள் தெரிந்தன. வேறு இடம் கிடைக்குமா என்று திரும்பினேன்.

கடைசி வரிசை நாற்காலிகளுக்குப் பின்னால், சாமான் அறை வாசலில், அக்கா ஒரு தேங்காய் மூட்டை மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். ஒரு கை கதவு நிலையைப் பிடித்திருந்தது. மறுகை மூடியிருந்தது. கெட்டிமேளம் கொட்டியது. எல்லோரும் அட்சதை போட்டார்கள். அக்காவும் போட்டார். அட்சதைத் தட்டு அந்த அறைக்குப் போகவில்லை. சாமான் அறையில் இருந்த அரிசியில் அவரே மஞ்சள் கலந்து வைத்திருக்கிறார். அது மேடைக்கு எங்கே போய்ச் சேரும்? காலி நாற்காலிகள் மேல் விழுந்தது. நான் அதை எடுத்தேன். நான் கைப்பேசியை இறக்குவதற்குள் அக்கா உள்ளே போய்விட்டார்.

நான் போனபோது ஒன்றுமே நடக்காததுபோல் பை கட்டிக்கொண்டிருந்தார்.

"எடுத்தியா?"

கைப்பேசியைக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"எல்லாரும் அங்க பாக்கயில, நீ எதுக்குடா இங்க பாத்த?"

கைப்பேசியை வாங்கக் கை நீட்டினேன். அக்கா தரவில்லை.

"அழிச்சுரு."

"அழிக்கத் தெரியாதுக்கா."

உண்மையிலேயே எனக்கு அப்போது தெரியாது. அக்கா இன்னொரு தடவை படத்தைப் பார்த்தார். "தாலி கட்டுற நேரத்துல நா எட்டிப் பாத்தேன்னு யாராச்சும் புள்ளையத்தான் பேசுவாங்க. அவகிட்டயும் சொல்லாத, அவ அம்புட்டுப் பேரையும் சண்டைக்கு இழுப்பா. நா உசுரோட இருக்க மட்டும் யாருக்கும் காட்டாத" என்றார். சரி என்றேன். அதன்பிறகு எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அதைப் பற்றி ஒருநாளும் பேச்சு எழவில்லை.

மருமகளுக்கு அந்த வருத்தம் போகவில்லை. ஊருக்கு வந்தால் தாயிடம் நன்றாகத்தான் பேசுவாள். ஆனால் திருமண ஆல்பத்தை அக்கா கையில் எடுத்தால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாள்.

சென்ற ஆண்டு அக்காவுக்கு நெஞ்சுவலி வந்தது. மருத்துவமனையில் இருந்தபோதும், எதிர்க் கட்டிலில் இருந்த அம்மாளுக்குக் கஞ்சி வந்ததா என்று என்னிடம் விசாரித்தார். கடைசியாகப் பார்த்த அன்று நான் "வாரேங்க்கா" என்றேன். "ம்" என்றார். விடிந்ததும் தகவல் வந்தது.

அன்று மருமகள் அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு, "என் கல்யாணத்தக்கூட நீ பாக்கலியேம்மா" என்று அழுதாள். நான் சட்டைப்பையில் கைப்பேசியோடு பக்கத்தில்தான் நின்றேன். இனிமேல் சொல்லலாம் என்று எனக்குத் தெரியும். அத்தனை பேர் நடுவில் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் என் அறையில் தனியாகச் சாப்பிடும்போது, மருமகளிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தைகளைச் சேர்த்துப் பார்ப்பேன். போனில் அவள் "மாமா" என்றதும் எல்லாம் போய்விடும்.

போன வாரம் இந்த நினைவு மலருக்குப் படம் கேட்டு மாப்பிள்ளை வந்தார். அக்காவுக்கு அடையாள அட்டைப் படத்தைத் தவிர வேறு படம் இல்லை. கைப்பேசியைக் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். அவர் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அவகிட்ட இப்பவே காட்டிருவமா மாமா?"

"இல்ல மாப்ள. எனக்கு எதிர்ல நின்னு சொல்ல வராது. எழுதித் தாரேன். படிச்சுக்கட்டும்."

அக்காவை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்கலாம் என்றார் மாப்பிள்ளை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நடுவில் உள்ள அந்த நாற்காலிகளும் இருக்கட்டும்.

அக்காவை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்ற பக்கத்து வீட்டு ஆட்டோக்காரத் தம்பிக்கும், இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், விடுதிச் சமையலறையிலிருந்து வந்து அன்று எல்லோருக்கும் சமைத்துப் போட்ட அக்காவின் தோழிகளுக்கும், மாலைக்குப் பூ கொடுத்து என்னையும் தேற்றிய மார்க்கெட் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மகன் இல்லாத குறை தெரியாமல் காரியங்களைச் செய்த மாப்பிள்ளைக்கு நான் என்றும் கடமைப்பட்டவன்.

ஆத்தா, மருமகளே, அடுத்த பக்கத்தில் இருப்பதுதான் அந்தப் படம். கொஞ்சம் சாய்ந்திருக்கும், ஓரத்தில் யாரோ ஒருவரின் தோள் மறைத்திருக்கும். அக்கா மூட்டை மேல் எக்கி நிற்கிறார். கை விரிந்திருக்கிறது. அழவில்லை, சிரிக்கிறார். நீ அந்தப் படத்தில் இல்லை. அக்கா பார்த்துக்கொண்டிருப்பது உன்னைத்தான்.

எழுதி முடித்தது தை மாதம் ஏழாம் தேதி, செவ்வாய்க்கிழமை.