டில்லி டாக்டருக்கு ஒரு நன்றி

இன்று மாமல்லபுரம் சிற்பக்கூடத்துக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். என் கணவர் மாஸ்க் போட்டுக்கொண்டு மிஷினில் கல் அறுக்கிறார்!

கல்யாணமான நாளிலிருந்து கெஞ்சுகிறேன். "மூச்சு முட்டுது, சும்மா இரும்மே" என்பார்.

"இன்னாய்யா அதிசயம்?"

"டிவில நாட்டுக்கே பெரிய சுகாதார அதிகாரி சொன்னாரும்மே. கல்லு தூசு நெஞ்ச அரிச்சுடுமாம்."

சாப்பிட மாஸ்க்கைக் கழற்றினார். தலை, புருவமெல்லாம் ஒரே வெள்ளை. மூக்கும் வாயும் மட்டும் அவருடைய சொந்த நிறம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஊசி போடாமல், நாடி பார்க்காமல், டில்லியில் உட்கார்ந்தே என் வீட்டு ஆளைக் காப்பாற்றிய புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்.

அவரைத் தெரிந்தவர்கள் புகையிலையைப் பற்றியும் டிவியில் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்காரருக்கு என்ன சொல்லவேண்டும்? எழுதுங்கள், சேர்த்தே கேட்டுவிடலாம்.