வெள்ளானூரில் மைக்கை அணைத்த வேட்பாளர்

பத்து நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். திட்ட வேண்டியவர்களைத் திட்டி என் பக்கத்தில் நிறைய எழுதியிருக்கிறேன். நன்றி சொல்லத்தான் கை வரவில்லை.

என் மகள் நிவேதா, வயது இருபத்து நான்கு, கல்யாணமாகி வெள்ளானூரில் வாடகைக்கு இருக்கிறாள். இதுவரை ஓட்டுப் போட்டதில்லை. "எல்லாம் ஒரே குட்டையில ஊறின மட்டைங்க" என்பாள். அது நான் கற்றுக்கொடுத்தது. இளவயதில் ஒரு வேட்பாளருக்காகப் பன்னிரண்டு மணி நேரம் வாக்குச்சாவடியில் முகவராக உட்கார்ந்தேன். ஜெயித்த மறுவாரம் என்னைப் பார்த்து "யாரு நீங்க?" என்றார். இன்னும் மறக்கவில்லை.

பத்து நாளைக்கு முன், ஞாயிறு மாலை 4.10க்கு அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறினேன். டிக்கெட் ஐந்து ரூபாய். கால் மணி நேரத்தில் ஆவடி. அங்கிருந்து ஷேர் ஆட்டோ, சுமார் ஆறு கிலோமீட்டர், முப்பது ரூபாய். ஊராட்சித் தலைவர் தேர்தலுக்காக வழியெல்லாம் சுவரொட்டி.

"இன்னா சார், மீட்டிங்குக்கா? பிரியாணி கீதுல்ல?" என்றார் ஓட்டுநர்.

"பொண்ணைப் பார்க்கப் போறேன்."

"அப்ப வூட்லயே துன்னுடுவ. கரெக்டு."

நிவேதாவின் தெருமுனையிலேயே கூட்டம். ஒரு ஆட்டோ, ஒலிபெருக்கி, ஐம்பது பேர். வேட்பாளர் ஸ்டெல்லா, பக்கத்துத் தெருவில் தையல்கடை வைத்திருப்பவர். "வாங்கப்பா, சிரிச்சிட்டு வரலாம்" என்று, என்னை எதிர்கொள்ள வந்த நிவேதா இழுத்துப்போனாள்.

பேச்சின் நடுவே தண்ணீர் லாரி வந்தது. கூட்டம் குடத்தோடு ஓடியது. மற்ற வேட்பாளர்களாக இருந்தால் ஆளனுப்பி லாரியைத் தள்ளி நிறுத்தியிருப்பார்கள். இவர் மைக்கை அணைத்துவிட்டு, ஆட்டோ சீட்டுக்கடியில் இருந்து இரண்டு குடங்களை எடுத்து வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

"நடிப்பு. இப்ப ஒருத்தன் போட்டோ எடுப்பான் பாருங்க" என்றாள் நிவேதா.

முன்னால் நின்ற பெண் திரும்பினார். "இன்னாம்மா நடிப்பு? அவங்க ஊட்டுக்கும் இதே லாரிதான். தெனமும் இங்கதான் புடிக்கிறாங்க."

இருபத்தைந்து நிமிடம் கழித்து, ஸ்டெல்லா ஈரப் புடவையோடு வந்து விட்ட இடத்திலிருந்து பேசினார். நிவேதா விடவில்லை. "குழாய் எப்ப வரும்? தேதி சொல்லுங்க."

"தெரியலம்மா. தெரியாத தேதிய சொல்லமாட்டேன். எந்த ஆபீசுக்குப் போனேன், யாரு என்ன சொல்லித் திருப்பி அனுப்பினாங்கன்னு மாசாமாசம் ரேஷன் கடை செவுத்துல எழுதுவேன். எழுதலன்னா இதே லாரிகிட்ட நிப்பேன், அங்கயே புடிச்சிக் கேளு."



கடைசியில், இந்தத் தெருவின் வாக்குச்சாவடியில் தனக்கு முகவராக உட்கார ஆள் வேண்டும் என்றார். ஒருவரும் அசையவில்லை. பக்கத்தில் ஒரு கை உயர்ந்தது. என் மகளின் கை. உயர்த்திவிட்டு என்னைப் பார்த்தாள். பழைய கதையெல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"காலைல ஆறுக்கே போயிடணும். சாப்பாடு கட்டிக்கிட்டுப் போ" என்றேன்.

நான் கெடுத்துவைத்த ஒன்றை அந்த அம்மாள் ஒரே மாலையில் சரிசெய்துவிட்டார். ஜெயிப்பாரா, தெரியாது. நன்றி என்னுடையது.

வெள்ளானூர் போகிறவர்களுக்கு: ஆவடியில் ஷேர் ஆட்டோ ஏறுவதற்கு முன்பே கட்டணம் பேசிவிடுங்கள். குடிதண்ணீர் கொண்டுபோங்கள், ஊர்க்காரர்களிடம் கேட்காதீர்கள்.

தேர்தல் இன்னும் முடியவில்லை. என் பெயரைப் பார்த்தால் என் பழைய பகையாளிகள் அவரிடம் போய் "இவனுக்கு எவ்வளவு கொடுத்தீங்க?" என்று கேட்பார்கள். அதனால் என் வழக்கமான பக்கத்தில் இல்லாமல், என் பெயர் போடாமல், மகள் பெயரையும் மாற்றி இதை வெளியிடுகிறேன்.