பாப்பாரப்பட்டியில் அரைத்த வாஃபிள் மாவு

ஞாயிற்றுக்கிழமைப் பகல்களில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் படிக்கட்டில் ஏலக்காய் மணக்கும். நார்வேயில் ஏலக்காய் மணந்தால் என்ன நினைப்போம்? யாரோ நம் ஊர்க்காரர்கள் குடிவந்திருக்கிறார்கள், பாயசம் கொதிக்கிறது என்றுதானே? பெர்கன் நகருக்கு வந்த புதிதில் அப்படித்தான் நினைத்து ஓடிப்போய்க் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன். சொல்லாமல் கொள்ளாமல் யாரும் யார் கதவையும் தட்டாத ஊர் அது. திறந்தவர் பெரித் என்ற நார்வேக்காரப் பெண்மணி, வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். நான் அசடு வழிய நிற்க, அவர் என் மூக்கு போன திசையைப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு தட்டோடு வந்தார். சின்னச் சின்ன இதயங்களை முனையோடு முனை ஒட்டவைத்து ஒரு பூவாக்கிய மாதிரி வாஃபிள். மேலே பழுப்பு நிறப் பாலாடைக்கட்டியில் ஒரு சீவல். பால்கோவாவில் யாரோ தவறி உப்புப் போட்டுவிட்ட ருசி. அன்று பிடித்தது எனக்கு வாஃபிள் பைத்தியம்.

இங்கே வாஃபிள் இல்லாமல் நாலு பேர் கூடுவதே இல்லை. கால்பந்துப் போட்டி, கப்பல்துறை, நூலகம், எங்கே போனாலும் ஒரு மூலையில், மாவை ஊற்றி மூடிச் சுடுகிற மின்சார வாஃபிள் கல் காய்ந்துகொண்டிருக்கும். என் மகன் இனியனின் பள்ளியில் மே மாதத் தேசிய நாளுக்கான பெற்றோர் கூட்டம் நடந்தது. யார் எந்த வேலையை எடுத்துக்கொள்கிறீர்கள் என்று குழுத் தலைவர் கேட்டுக்கொண்டே வந்தார். வாஃபிள் என்ற சொல் காதில் விழுந்ததுமே கை தூக்கினேன். இனியன் வகுப்புக்கு ஒரு தட்டு சுட்டுக்கொண்டு போகச் சொல்கிறார்கள் என்பது என் எண்ணம். எல்லாரும் கை தட்டினார்கள். ஒரு தட்டு வாஃபிளுக்கு இவ்வளவு கைதட்டலா என்று எனக்கே கொஞ்சம் உறுத்தியது. மறுநாள் வந்த மின்னஞ்சலைப் படித்த பிறகுதான் தெரிந்தது, பள்ளிக்கூடம் முழுவதற்கும் மாவு என் பொறுப்பு. அதுவும் மைதா கூடாது, முழுத்தானிய மாவாக இருக்க வேண்டும்.

“வேலை இருக்குதுன்னு சொல்லி இப்பவே கழண்டுக்கோ,” என்றார் என் கணவர். எனக்கு மனமில்லை. இத்தனை வருடத்தில் இந்த ஊர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. அன்பாகச் சிரிப்பார்கள், வழி விடுவார்கள், அதோடு சரி. முதன்முதலாக என்னை நம்பி ஒரு வேலை வந்திருக்கிறது. அதுவும் தானியம்! தர்மபுரிக்காரியிடம் முழுத்தானியம் கேட்டிருக்கிறார்கள்! ஈஸ்டர் விடுமுறைக்கு எப்படியும் இண்டூரில் அண்ணன் வீட்டுக்குப் போகிறோம். மாவை அங்கேயே அரைத்து, எல்லாம் சேர்த்துக் கலந்து கொண்டுவந்துவிட்டால், அன்று காலையில் பாலும் முட்டையும் வெண்ணெயும் ஊற்றிக் கரைத்தால் போதும். அப்போதே பெட்டியில் வாஃபிள் கல்லை எடுத்து வைத்தேன்.

இண்டூர் வந்து சேர்ந்த மறுநாளே அண்ணியும் நானும் பாப்பாரப்பட்டிக்குக் கிளம்பினோம். சந்தையில் கேழ்வரகும் சாமையும் கோதுமையும் வாங்கி மாவு மில்லுக்குப் போனோம். மில் ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது.

“கொழந்தைக்குச் சத்துமாவுங்களா?” என்று கத்தினார் மில்காரர்.

“இல்லீங்க, வாஃபிளுக்கு!”

“மாப்ளைக்கா? அடப் பாவமே, சின்ன வயசுலயே சுகரு வந்துருச்சுங்களா?”

“சுகரெல்லாம் இல்லீங்க! வாஃபிள்! வாஃபிள்!”

“கொஞ்சம் வெந்தயம் போட்டு அரைச்சுக்கங்க, நல்லாக் கேக்கும்!” என்று ஒரு கை வெந்தயத்தை அள்ளினார். நான் பாய்ந்து அவர் கையைப் பிடித்துத் தடுத்தேன். அண்ணி சிரித்த சிரிப்பில் அவள் தலையிலிருந்த மாவெல்லாம் உதிர்ந்தது. நார்வேயில் நான் சக்கர நாற்காலியில் போனால்கூட என்ன ஆயிற்று என்று வழியில் யாரும் கேட்கமாட்டார்கள். இங்கே நாங்கள் பஸ் ஏறி வீடு வந்து சேர்வதற்குள் என் கணவருக்குச் சர்க்கரை வியாதி என்ற செய்தி வந்து சேர்ந்திருந்தது. சாயங்காலம் பெரியப்பா கைப்பிடி பாகற்காயோடு வந்து அவரைத் தேடினார்.

அன்றே சோதனை ஆரம்பித்தோம். தர்மபுரிக்காரி அல்லவா, முதலில் முழுக்கக் கேழ்வரகு மாவிலேயே கரைத்து ஊற்றினேன். கல்லைத் திறந்தால் பாதி மேலேயும் பாதி கீழேயும் பிளந்து ஒட்டிக்கொண்டு வந்தது. சுரண்டி எடுத்ததைத் தின்று பார்த்த அண்ணி, “களியக் கட்டம் கட்டமா சுட்டிருக்கற,” என்றாள். கோதுமையைப் பாதிக்குப் பாதி சேர்த்தோம். பிரிந்து வந்தது, ஆனால் வறட்டி மாதிரி இருந்தது. சாமை மாவைக் கொஞ்சம் கலந்தோம். ஓரம் மொறுமொறுப்பானது. அதற்குள் கரண்ட் போய்விட்டது. சரி, வந்த பிறகு பார்க்கலாம் என்று மீதிக் கரைசலை மூடி வைத்துவிட்டு ஊர்க்கதை பேச உட்கார்ந்தோம். கரண்ட் வந்து அதை ஊற்றியபோது நடந்ததை இன்று நினைத்தாலும் துள்ளத் தோன்றுகிறது. இதயம் இதயமாக உப்பி, பொன்னும் பழுப்புமாக, தொட்டால் மெத்தென்று எழும்பி வந்தது!

“ஊறணும் சுமதி! தவிடோட இருக்கற மாவு, தண்ணி குடிக்க நேரம் கேக்குது!” என்று அண்ணி கத்த, நானும் கத்த, என்னமோ ஏதோ என்று அண்ணன் மாட்டுக் கொட்டகையிலிருந்து ஓடிவந்தார். அடுத்த ஈட்டை அவள் நாட்டுக்கோழிக் குழம்போடு எல்லாருக்கும் பரிமாறினாள். கட்டத்துக்குக் கட்டம் குழம்பு தேங்கி நிற்க, அண்ணன் தட்டை வழித்துத் தின்றார். இன்னொன்று கேட்டார்.

பிறகு கலக்குகிற வேலை. கேழ்வரகு மாவைப் பச்சை வாசம் போக லேசாக வறுத்து, வெள்ளைத் துணியில் பரப்பி நன்றாக ஆறவிட்டோம். சூட்டோடு பேக்கிங் பவுடர் சேர்த்தால் அதன் வேகம் அங்கேயே தீர்ந்துவிடும். நாட்டுச் சர்க்கரையை வெயிலில் உலர்த்திச் சலித்தோம். ஏலக்காய், உப்பு, கடைசியில் பேக்கிங் பவுடர் என்று போட்டு, மூன்று தடவை சலித்துக் கலந்தோம். பால் பவுடரும் சேர்க்கத்தான் ஆசை. வெளியிலிருந்து பால் பொருள் கொண்டுபோக நார்வேயில் அனுமதி இல்லை என்பதால் விட்டுவிட்டேன். ஒரு டப்பாவை அண்ணிக்கு வைத்துவிட்டு மற்றதைக் காற்றுப் புகாமல் கட்டினோம். பெர்கன் வந்ததும் எல்லாம் ஃபிரீசருக்குப் போயிற்று. தவிடு நீக்காத மாவு வெளியில் வைத்தால் சிக்கடித்துவிடும்.

தேசிய நாளன்று தூறல். ஊர்வலத்தில் இனியனோடு நடந்து முடித்த கையோடு பள்ளிச் சமையலறைக்கு ஓடினேன். பாலும் முட்டையும் உருக்கிய வெண்ணெயும் ஊற்றிக் கரைத்து, ஊறவிட்டு, முதல் ஈட்டை எடுத்துத் தட்டில் வைத்தேன். குழுத் தலைவர்தான் முதலில் கடித்தார். நிதானமாக மென்றார். “இக்கெ சோ வெர்ஸ்ட்,” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அவ்வளவு மோசமில்லை என்று அர்த்தம். எனக்கு முகம் செத்துவிட்டது. பாப்பாரப்பட்டி, வெயில், அண்ணி, சலித்த மாவு எல்லாம் ஒரு நொடி வந்து போயின. பக்கத்தில் கல்லுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவள் மாரித், இனியனின் நண்பனுடைய அம்மா. அவள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். “ஏன் இப்படி நிற்கிறாய்? அவர் இதற்குமேல் யாரையும் பாராட்டி நான் கேட்டதே இல்லை. தன் கல்யாணத்தைப் பற்றியே அவ்வளவுதான் சொல்வார்!”

அதற்குள் கேழ்வரகின் நிறத்தைப் பார்த்துச் சாக்லேட் என்று நினைத்த பிள்ளைகள் கூட்டமாக வந்து விழுந்தார்கள். சாக்லேட் இல்லை என்று தெரிந்த பிறகும் வரிசை குறையவில்லை. ஊற்ற ஊற்றத் தீர்ந்தது. பெரித்கூட வந்து வரிசையில் நின்றார். பழுப்புப் பாலாடைக்கட்டியை வைத்துக் கடித்துவிட்டு, “இது எந்த ஊர் தானியம்?” என்று கேட்டார். தர்மபுரி என்று சொல்லிக்கொடுத்தேன். “தர்ம்… புரி” என்று மூன்று முறை சொல்லிப் பார்த்தார். எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை.

எல்லாம் முடிந்து பாத்திரம் கழுவி வெளியே வந்தோம். மழை வலுத்திருந்தது. மாரித் குடையைச் சாய்த்துக்கொண்டு, “நோர் ட்ரார் டூ யெம்?” என்று கேட்டாள். வீட்டுக்கு எப்போது போகிறாய் என்று.

“டிசம்பரில்!” என்றேன் உற்சாகமாக. “ஊருக்கு டிக்கெட்கூடப் பார்த்தாச்சு.”

அவள் விழித்தாள். கையிலிருந்த கார் சாவியைப் பார்த்தாள். “இல்லை சுமதி, இப்போது. மழையாக இருக்கிறது, காரில் இடம் இருக்கிறது, அதற்குத்தான் கேட்டேன்.”

பின்சீட்டில் ஏற்கெனவே பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த இனியன் கண்ணாடியைத் துடைத்து, “அம்மா, வா, வூட்டுக்குப் போலாம்!” என்று தமிழில் கூப்பிட்டான். மாரித் சிரிக்க, நானும் சிரித்தேன். நான் சொன்ன பதிலும் சரிதான் என்று அவளுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். டிசம்பர் என்று சொன்னதை நான் திருத்தவில்லை.