பூன் லேயில் மூன்று முக்கோணங்கள்

காலை ஏழரைக்குச் சாங்கி விமான நிலையத்தில் இறங்கி, ரயிலில் சுவா சூ காங் போனேன். கட்டணம் இரண்டு சிங்கப்பூர் வெள்ளிச் சில்லறை. கோவையிலிருந்து இத்தனை தூரம் வந்தது லீலா மேடத்துக்காக.

வட்டம், சதுரம், முக்கோணம் தவிர வேறெதையும் வரையாத ஓவியர் அவர். சிங்கப்பூரில் அப்படி வரையத் தொடங்கிய முதல் சிலரில் ஒருவர். அதே வடிவங்களில் நாற்காலியும் தரைவிரிப்பும் செய்தார், கட்டடமும் எழுப்பினார். தஞ்சோங் பகாரில் இருந்த அவருடைய அலுவலகத்தில்தான், வரைபடங்களோடு என் இருபதுகள் கழிந்தன.

அங்கே நாங்கள் வரைந்து, பூன் லேயில் எழும்பிய சமூக மன்றத்தை இப்போது இடிக்கப் போகிறார்கள். கடைசியாக ஒருமுறை அவரோடு போய்ப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. சுவா சூ காங் வீட்டில் மேடம் காப்பி கொடுத்தார். வர மறுத்துவிட்டார்.

“அது முடிஞ்சு போச்சு லா. நீ போயிட்டு வா.” பேச்சில் அந்தச் சிங்கப்பூர் ‘லா’ மாறவில்லை.

பதினொரு மணிக்குத் தனியாகப் போய் நின்றேன். சுற்றிலும் தகரத் தடுப்பு. காவலுக்கு இருந்த பட்டுக்கோட்டைக்காரர், உள்ளே விடக்கூடாது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். தடுப்புக்கு மேலே கூரையின் மூன்று முக்கோணங்கள் மட்டும் தெரிந்தன. மழை நாட்களில் பகலிலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு, டிரேசிங் தாளை பிளேடால் சுரண்டிச் சுரண்டி அவற்றைத் திருத்தியது நினைவுக்கு வந்தது.

சற்று நேரத்தில் ஒரு டாக்சி வந்து நின்றது. மேடம் இறங்கினார். இதைக் கட்டியவர் இவர்தான் என்று காவலரிடம் சொன்னேன்.

“எந்தக் கம்பெனில வேலை பார்த்தீங்கம்மா?” என்று கேட்டார் அவர்.

மேடம் சிரித்தார். “சொந்தக் கம்பெனிதான் லா.”

காவலர் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டு, கதவை அகலத் திறந்து வைத்தார். மேடம் வாசலிலேயே உட்கார்ந்தார். பெயர்ப்பலகை, ஏசி பெட்டிகள், ஜன்னல் கம்பிகள், பிற்பாடு ஒட்டவைத்த கொட்டகை என்று எல்லாவற்றையும் கழற்றியிருந்தார்கள். வெறும் சுவர்களும் கூரையும் அவற்றின் நிழலும்தான் மிச்சம். எனக்கு அழுகை வந்தது.

“இன்னிக்குத்தான் நான் வரைஞ்ச மாதிரி இருக்கு,” என்றார் மேடம்.

மதியம் லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு. மேடம் இரண்டாம் முறையும் ரசம் கேட்டு வாங்கினார். கோவையில் நான் கட்டிய வீடுகளில் பால்கனி முழுக்கக் கொடி கட்டித் துணி காயப்போடுகிறார்கள், அந்தத் தெருக்களில் போவதையே விட்டுவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் இலையை மடித்தார்.

“திறப்பு விழாவுக்கு அப்புறம் நானும் இன்னிக்குத்தான் அங்க போனேன்.”

ஊர் திரும்பியதும் அந்த வீடுகளில் ஒன்றின் கதவையாவது தட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே விமானம் ஏறினேன்.